ஒன்றரைச் சாண்

பெபூர் காட்டில் மழை பெய்வதில்லை;
மழைக்குள்தான் காடு இருக்கிறது.
சனவரி. புயலுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்,
அது இன்னும் கடலில் யோசித்துக்கொண்டிருக்கிறது.

என் வேலை எளிது.
பாசி மூடிய கிளையில் பூத்தவற்றுக்கு எதிரே
கேமராவைக் கட்ட வேண்டும், பேட்டரி மாற்ற வேண்டும்,
இரவில் யார் வந்தார், யார் வரவில்லை
என்று எழுத வேண்டும்.
காரைக்காலில் கல்யாண வீடியோ எடுத்தவனுக்கு
இதொன்றும் புதிதல்ல.
மாப்பிள்ளை வரும்வரை விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான்.

பேரினத்தின் பெயர் ஆங்கிரேகம்.
லத்தீன் என்று நினைத்திருந்தேன்.
இல்லையாம், மலாய்ச் சொல்.
எந்தக் கப்பலிலோ ஏறி
எவனோ எழுத்தன் மேசையில் சட்டை மாற்றிக்கொண்டது.
சொன்னவள் சில்வியான் வெலயுதோம்.
வேலாயுதம் என்றேன்.
திரும்பச் சொல்லிப் பார்த்தாள்,
கட்டிய புதுப் பல்லை நாக்கால் தடவுவதுபோல.
பிறகு டார்ச்சைக் கேட்டாள்.

மடகாஸ்கரில் இதன் அக்காள் ஒருத்தி உண்டு.
வெள்ளை நட்சத்திரம். பின்னால் தொங்கும் தேன்குழல் மட்டும்
ஒன்றரைச் சாண். அடியில் ஒரு சொட்டு.
அதற்காக ஒன்றரைச் சாண் நாக்கைச் சுருட்டிக்கொண்டு
ஓர் அந்துப்பூச்சி இருட்டில் வரும்.
பூ நீள நாக்கு நீள
நாக்கு நீளப் பூ நீள
எத்தனை ஆயிரம் வருசத்து வீம்போ.

இந்தத் தீவுக்கு விதை காற்றில் வந்தது,
விபூதியைவிடச் சன்னமாக.
பூச்சி கூட வரவில்லை.

காத்திருந்ததா என்றேன்.
பூ காத்திருக்காது என்றாள் சில்வியான்.
நீளமாய்ப் பிறந்தது காய்க்காமல் செத்தது,
குட்டையாய்ப் பிறந்தது பிழைத்தது.
சோகமாக ஒன்றும் சொல்லவில்லை;
பேருந்து நேரம் சொல்வதுபோல் சொன்னாள்.

ஓரினம் பகலுக்கு மாறி
வாசனையை விட்டுவிட்டது.
சாம்பல் குருவி வந்து அலகை நுழைக்கிறது,
அதற்கு மணம் எதற்கு?
இன்னொன்றும் அப்படித்தான், கொத்துக் கொத்தாய்.
நான் காவல் இருப்பது மூன்றாவதற்கு.
பச்சை ஏறிய வெள்ளை, தடித்த இதழ்,
அழகி என்று சொல்ல முடியாது.

நள்ளிரவில் டப்பாவைத் திறந்தாள்.
சோறு, மேலே கீரை. பிரெத் மூருங் என்றாள்.
முருங்கை!
தூக்கிவாரிப் போட்டதில் கேமரா ஆடிவிட்டது.
அந்த ஒரு நிமிடத்துப் படம் வீண்.

மூன்றாம் இரவு, இரண்டு மணி நாற்பத்தொன்று.
முதலில் மீசைதான் திரைக்குள் வந்தது,
வந்துகொண்டே இருந்தது.
அதன் பின்னால் சிறகே இல்லாத ஒரு பூச்சி.
பறந்து வரவில்லை, நடந்து வந்தது.
தண்டில் ஏறி, தலையைக் கவிழ்த்து,
பூவைக் கடிக்காமல் குடித்தது.
இலை தின்கிற கூட்டத்தில் பிறந்த வாய் அது.
நிமிர்ந்தபோது தலையில் ஒட்டியிருந்தது மகரந்தம்.
குளோசப்புக்குக் கை பரபரத்தது.

பகலில் இலைகளைத் தன் வாய்நூலால் தைத்து
உள்ளே தூங்குமாம்.
விடியுமுன் மீசையால் தடவித் தடவி
அதே வீட்டுக்குத் திரும்புமாம்.

தமிழில் இதன் பெயர்? என்றாள்.
சில்வண்டு என்று வாயெடுத்தேன்.
அது இரையும். இது ஊமை.
வெட்டுக்கிளி? எதை வெட்டியது?
சுவர்க்கோழிக்கு ஒரு சுவராவது வேண்டும்.
தெரியவில்லை என்றேன்.
அவள் தோளைக் குலுக்கினாள்,
வேலாயுதத்துக்குக் குலுக்கிய அதே குலுக்கல்.

பதிவேட்டில்:
பூ பதினேழு. வந்தது. நாற்பது நொடி.
பூ பதினெட்டு. இல்லை.
பேட்டரி பதினொரு சதம்.
வானொலியில், புயல் கிழக்கே திரும்பிவிட்டதாம்.